படகைக் கட்டாமல் வந்தவன்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று ஒற்றைச் சொல்லில் தட்டிக்கழிக்காமல் எழுது.

நூலக வேலையில் சேர்ந்து எட்டு நாள் ஆகிறது. ஜூலை வரை தற்காலிகம். அதுவரை ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாம். "லீவுங்கிற பேச்சே எடுக்கக்கூடாது, சரியா?" என்று மேற்பார்வையாளர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காரணமே இல்லாமல் எழுந்து அலமாரிவரை நடந்துவிட்டு வருகிறேன்.

பார்சலில் மூன்று தடித்த புத்தகங்கள் வரும். பயந்துவிடாதே, ஒரே நாவல்தான். நம் அப்பா காலத்துக்கும் முந்தையது. கற்பனை உலகம், கற்பனை மலைகள். ஒரு உப்புக்காரி, பிறந்த மலையிலிருந்து திருடப்பட்ட ஒரு காற்றைக் கூண்டில் சுமந்துகொண்டு அதைத் திரும்ப விடப் போகிறாள். வழியில் திறந்துவிட்டால் ஊர்கள் பெயர்ந்துபோகும். துணைக்கு ஒரு படகோட்டி. இங்கே வாசகர் வட்டத்தில் இந்த அரை வருடமும் இந்த ஒரே நாவலைத்தான் பேசப் போகிறார்கள். கருத்துகளைக் குறித்து வைப்பது என் வேலை. நூலகம் கழித்துக்கட்டிய பிரதி ஒன்று கிடைத்தது, அதைத்தான் உனக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கள் வட்டத்தில் எல்லா ரகமும் உண்டு, வெல்டர் மட்டும் இல்லை. வாசித்து எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தங்கை

---

ஜனவரி 30

அன்புள்ள எலிக்குட்டி,

முதுகு மிகவும் பரவாயில்லை. (இரண்டு சொல்.) உனக்கு இருமல் போனதில் சந்தோஷம். தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

இப்போது கப்பலின் அடிவயிற்றில் வேலை. இரண்டு தகடுகளுக்கு நடுவே படுத்து ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். வெளியே வரும்போது வானம் ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

புத்தகம் வந்தது. அறைத் தோழன் முதல் பாகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டு, "சூப்பர் புக்குப்பா" என்றான். நான் நாற்பது பக்கம் தாண்டிவிட்டேன். உப்புக்காரி இன்னும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை! ஆனால் முன்பக்க வரைபடம் அருமை. ஆறுகளை முடியளவு கோடுகளாக இழுத்திருக்கிறார்கள். படுக்கையில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். கூண்டில் காற்று எப்படி நிற்கும்? நான் பற்றவைத்த தையலில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்தால் திரும்பச் செய்ய வேண்டும். நல்ல இரும்பே காற்றைப் பிடித்து வைக்கத் திணறுகிறது, பிரம்புக் கூண்டு பிடித்துவிடுமா? எழுதியவரை எங்கள் கப்பல் கட்டும் தளத்துக்கு ஒரு நாள் அனுப்பிவை.

நீ அந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். மற்றது பிறகு.

அண்ணன்

---

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் நலம். தண்ணீர் காய்ச்சித்தான் குடிக்கிறேன், சத்தியமாக.

உன் சோப்புத் தண்ணீர் சந்தேகத்தை வட்டத்தில் வாசித்தேன். சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற வரைபடக்காரர் ஒருவர் வருகிறார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த ஆளு சரியான கேள்வி கேட்டிருக்காரு. வரைபடத்துல மூணு விரல் தூரத்தை கதையில ஒன்பது நாள் நடக்குறாங்க, அதை யாரும் கேக்கல" என்றார். தையல்காரம்மாவுக்கு வேறு கவலை: ஆயிரத்து இருநூறு பக்கத்தில் ஒருத்தராவது உடை மாற்றினார்களா? மருந்துக்கடைக்காரர் பாட்டு வரும் பக்கங்களையெல்லாம் தாண்டிவிடுகிறாராம். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்.

பெரிய சண்டை படகோட்டியைப் பற்றித்தான். இரண்டாம் பாகத்தின் நடுவில், கோட்டை வாசல்வரை கூட வந்துவிட்டு, உப்புக்காரியை உள்ளே தனியாக விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறான். பாதிப்பேர் கோழை என்கிறார்கள். பாதிப்பேர் அதை ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வருகிறது. வாசல்வரை வந்தவனுக்கு உள்ளே நாலு எட்டு வைக்க என்ன கேடு?

அங்கே வந்ததும் நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. தாமதிக்காதே. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

உன் தங்கை

---

மார்ச் 21

அன்புள்ள எலிக்குட்டி,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதம், கோபப்படாதே. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்கிறாயா? வலது மணிக்கட்டில் சுளுக்கு. பக்கத்தில் இருப்பவர் எழுதித் தருகிறார். கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர். வாயும் கையும் ஓயாதவர். அறையும் மாறிவிட்டேன். இனி உறையில் உள்ள விலாசத்துக்கே எழுது.

ஓய்வு நிறைய. அதனால் முதல் பாகம் முடித்து இரண்டாம் பாகமும் பாதி முடித்துவிட்டேன். உன் வட்டத்தில் படகோட்டியை ஏன் கோழை என்கிறார்கள் என்றே புரியவில்லை. அவன் பயந்து திரும்பவில்லையே! ஆற்றைக் கடந்து இறங்கிய அவசரத்தில் படகைக் கட்டாமல் வந்துவிட்டான். மூன்று நாளும் அதுவே அவனை அரிக்கிறது. உப்புக்காரி ஏதோ கேட்கிறாள், இவன் "கட்டினேனா, கட்டலையா" என்று முனகுகிறான். கோட்டை வாசலில் காவலன் பெயர் கேட்டபோது தன் பெயருக்குப் பதில் படகின் பெயரைச் சொல்லிவிடுகிறான். அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. நானும் எத்தனையோ நாள் கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். அந்தப் பதினைந்து இருபது பக்கம்தான் இந்த நாவலிலேயே உயிருள்ள இடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

(எழுதுபவரின் குறிப்பு: வணக்கம் தங்கச்சி. என் கருத்து என்னன்னா, இந்தக் கதையில எல்லாரும் ரொம்ப நடக்குறாங்க. நடக்க முடியாதவன் வாசிச்சா வயித்தெரிச்சலா இருக்கு.)

---

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

சுகமாக இரு. நானும் இருக்கிறேன். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

படகைக் கட்டாத விஷயத்தை வட்டத்தில் வாசித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் ஒரே கூச்சல். மருந்துக்கடைக்காரர், "எந்தப் பக்கத்துல இருக்கு இது? நான் பாட்டைத்தானே தாண்டினேன்!" என்று புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். தையல்காரம்மா மட்டும், "இருக்கோ இல்லையோ, இந்தப் புத்தகத்துலயே நம்புற மாதிரி இருக்குறது அது ஒண்ணுதான்" என்று முடித்துவிட்டார்.

மூன்றாம் பாகத்தையும் வாசித்து எழுது.

உன் தங்கை

(உள்ளே மடித்து வைத்த துண்டுச் சீட்டு)

கடிதம் எழுதித் தருபவருக்கு மட்டும். சத்தமாக வாசிக்க வேண்டாம்.

ஐயா, வணக்கம். நான் அனுப்பிய இரண்டாம் பாகத்தில் 209 முதல் 224 வரை பக்கங்களே கிடையாது என்று நூலகத்தின் கழிவுப் பதிவேட்டில் இப்போதுதான் பார்த்தேன். பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் நூலகம் அதைக் கழித்தது. பக்கம் விட்டுப்போனால் என் அண்ணன் அன்றைக்கே திட்டி எழுதுவான். ஆனால் அவன் இல்லாத பக்கங்களைப் புகழ்ந்து எழுதுகிறான். ஆக, அவன் வாசிக்கவில்லை. நீங்கள்தான் வாசித்துக் காட்டுகிறீர்கள். மணிக்கட்டு சுளுக்கினால் எழுத முடியாது, சரி. வாசிக்க ஏன் முடியாது? எங்களுக்கு வேறு யாரும் இல்லை ஐயா. என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

---

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு, பெயிண்டர் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. நீங்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசிக்கவும்.

நாங்கள் இருப்பது அறை அல்ல. தளத்தின் ஆஸ்பத்திரி, மூன்றாம் கட்டடம். நான் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவன். கட்டிலோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிப்ரவரி 24ஆம் தேதி உங்கள் அண்ணனைப் பக்கத்துப் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள். பற்றவைத்த தையலில் மேலே உறைந்த கசடைத் தட்டும்போது முகமூடியில் ஆவி படிந்துவிட்டதாம். ஒரு நொடி தூக்கினாராம். சில்லு இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. அந்தக் கண் இனி இல்லை. அந்தக் காயத்தின் தாக்கத்தில் வலது கண்ணும் வீங்கிக்கொண்டது. வெளிச்சம் படக்கூடாதென்று இரண்டையும் கட்டியிருக்கிறார்கள். மருந்துக்கு வலது கண் கேட்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

"தங்கச்சிக்குச் சொல்லுப்பா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "அண்ணே, அப்பா படுத்தப்போ அவ ஒருத்திதான் கூட இருந்து பாத்தா. நான் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். இப்ப சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வருவா. ஜூலை வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கங்கள் விஷயம். வாசித்துக்கொண்டே போகிறேன், 208க்கு அடுத்து 225! படகோட்டியைக் காணோம். "என்னாச்சு, நிறுத்திட்டீங்க?" என்றார். அன்றைக்குத்தான் டாக்டர் வந்து இடது கண் போனதுதான் என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். பக்கம் இல்லை என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மன்னிக்கவும்.

நான் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

பெயிண்டர்

---

மே 12

அன்புள்ள எலிக்குட்டி,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன். மார்ச்சுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏப்ரலில் இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்ததா? இருமல் திரும்பிவிட்டதா? வேலையில் ஏதாவது தகராறா? தபால் வரும் நேரமானால் என் காது தானாக நடைபாதைக்குப் போய்விடுகிறது.

மூன்றாம் பாகம் ஓடுகிறது. உப்புக்காரி தனியாக மலை ஏறுகிறாள். கூண்டுக்குள் காற்று சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. அது செத்துவிட்டதா, தூங்குகிறதா என்று அவளுக்குத் தெரியாது. திறந்து பார்க்கவும் முடியாது. இந்த இடத்தைப் பெயிண்டர் அண்ணன் வாசித்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தொடரச் சொன்னேன். எழுதியவர்மேல் எனக்கிருந்த கேலி போய்விட்டது.

மணிக்கட்டு தேறிவருகிறது. உன் நலத்துக்கு இரண்டு வரி போதும், போடு.

அண்ணன்

---

மே 13

தங்கச்சிக்கு, பெயிண்டர். நேற்றைய கடிதத்தில் வைக்க முடியாததால் தனியாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் நேரம். எங்கள் வார்டு வாசலில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெண் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம். நான் வாசித்துக்கொண்டே பார்த்தேன். உங்கள் அண்ணன் ஏதோ கேட்க இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கட்டுப் போட்ட முகம். அந்தப் பெண் ஒரு எட்டு உள்ளே வைத்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் இவருக்குத் தெரிந்துவிடும். கால் தொங்குகிற ஆள் எழுந்தா ஓட முடியும்?

மூக்கு அப்படியே அவர் மூக்கு. நீங்கள்தானே?

நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர் தினமும் தபாலைக் கேட்கிறார். கேட்டுவிட்டு, "அவளுக்கு வேலை அதிகம்" என்று எனக்குச் சமாதானம் சொல்கிறார். அவருக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு அவர் பக்கத்தில் படுத்திருப்பது பெரிய கொடுமை, தங்கச்சி.

பெயிண்டர்

---

மே 21

அன்புள்ள அண்ணா,

நலம் என்று எழுதி ஆரம்பிக்கும் பழக்கத்தை இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன்.

பெயிண்டர் அண்ணனுக்கு: இதை எழுதியபடியே வாசியுங்கள். ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணா, எனக்கு எல்லாம் தெரியும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்தே தெரியும். அவரைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். இருபதாம் தேதி ஒரு நாள் போய் வந்துவிடலாம் என்று விடியற்காலை பஸ் பிடித்து வந்தேன். உன் வார்டு வாசலில் நின்றேன். நடைபாதையில் அந்த மருந்து வாசனை அடித்ததுமே எனக்கு அப்பாவின் கடைசி மாதம் வந்துவிட்டது. நீ என் பக்கம் திரும்பினாய். என்னைப் பார்த்துவிட்டாய் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தக் கட்டைப் பார்த்தேன். என் கால் தானாகத் திரும்பிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் உனக்கு வாங்கிய பழங்கள் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. "நலமா அண்ணா" என்று எழுதினால் பொய். தெரியும் என்று எழுதினால், தெரிந்தும் ஏன் வரவில்லை என்று கேட்பாய். வந்தேன் என்று எழுதினால், இதோ இதுதான்.

இன்னொன்று. படகைக் கட்டாத கதை புத்தகத்தில் கிடையாது. அந்தப் பக்கங்கள் உன் பிரதியில் இல்லை. பெயிண்டர் அண்ணன் உனக்காகச் சொன்னது அது. உண்மையான பக்கங்களை நூலகப் பிரதியிலிருந்து எழுதி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் படகு இல்லை, காரணமே இல்லை. அவன் வாசலில் நிற்கிறான், பயம் வருகிறது, திரும்புகிறான். அவ்வளவுதான். வட்டத்தில் அவனை அதிகம் திட்டியது நான்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஏதாவது சொல்.

உன் தங்கை

---

ஜூன் 2

எலிக்குட்டி,

நீ நலமாக இல்லை என்று தெரிகிறது. நானும் இல்லை. இப்படி ஒருவருக்கொருவர் ஒழுங்காக எழுதி எத்தனை மாதம் ஆயிற்று!

பெயிண்டர் அண்ணன் உன் கடிதத்தை அப்படியே வாசித்தார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. உன்மேலும் கோபம். அரை மணி நேரம் நின்றாயாமே! நான் அன்றைக்குத் தண்ணீர் கேட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினேன். அது நினைவிருக்கிறது. நீ நாலு எட்டு வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தால் போதுமே என்று அந்த மூன்று நாளும் மனதுக்குள் உன்னைத் திட்டினேன்.

நாலாம் நாள் வேறு ஒன்று தோன்றியது. அப்பா கிடந்தபோது எனக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேன் அல்லவா? கிடைத்தது. பையோடு ஸ்டேஷன்வரை போனேன். ரயில் வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இதை ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பெயிண்டர் அண்ணன் எழுதுகிறார், அவருக்கும் தெரிந்துவிட்டது. தெரியட்டும். அந்தப் படகுக் கதையை நான் ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்று உனக்கு இப்போது புரியும்.

இருபதாம் தேதி கட்டு அவிழ்க்கிறார்கள். வலது கண் தெரியலாம், தெரியாமலும் போகலாம். வேலை போகுமென்றால் வராதே என்றுதான் எழுத நினைத்தேன். எழுத முடியவில்லை. வா. இந்த முறை உள்ளே வா.

அண்ணன்

(குறிப்பு: எனக்கு அஞ்சாம் தேதி மாவுக்கட்டை வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்க தங்கச்சி. மூணாம் பாகத்துல கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நீங்க வந்து வாசிங்க. இருக்குறதை மட்டும் வாசிங்க. — பெயிண்டர்)

---

ஜூன் 27

மரியாதைக்குரிய பெயிண்டர் அண்ணனுக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? ஊன்றி நடக்கிறீர்களா? நாங்கள் இருவரும் இருக்கிறோம். உங்கள் பழைய கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் யாரும் அதற்கு வரவில்லை.

பதினெட்டாம் தேதியே வந்துவிட்டேன். கிளம்பும்முன் மேற்பார்வையாளர் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நிரந்தரம் இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போகும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். வாசலில் அதே வாசனை. என் கால் இந்த முறையும் நின்றது அண்ணே, பொய் சொல்ல மாட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டேன். ஏன் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. "யாரது ஓடுறது?" என்றான் அண்ணன். "நான்தான்" என்றேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பிறகு, "சாப்பிட்டியா?" என்றான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

இருபதாம் தேதி கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்ததாம். அடுத்த நாள் ஜன்னல் தெரிந்தது. மூன்றாம் நாள் நான். "இளைச்சுட்டே" என்றான். டாக்டர் தள்ளி நின்று விரலைக் காட்டினார், சரியாக எண்ணினான். ஆறடிக்கு அப்பால் எல்லாம் கலங்கல். இதற்குமேல் தேறினால் அதிர்ஷ்டம், இனி வெல்டிங் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தளத்தில் சாமான் கிடங்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. நடைபாதையில் சுவரைத் தொட்டுக்கொண்டு போகிறான், வருகிறான். போகிறான், வருகிறான். நர்ஸ் அக்கா திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டார். ராத்திரி நான் தூங்கிவிட்டதாக நினைத்து அழுதான். நானும் தூங்குவதுபோலவே கிடந்தேன்.

கடைசி அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள், "எலி, நீ ரொம்ப வேகமா வாசிக்கிறே. பெயிண்டர் அண்ணன் ஒவ்வொருத்தருக்கும் ஒரு குரல் வைப்பாரு" என்றான். இன்னும் கொஞ்சம் வாசித்தேன். கையை நீட்டிப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டான். மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு வரியைத் தேடிப் பிடித்தான். ஒரு வரிக்கு நாலு நிமிடம் ஆனது. நெற்றியெல்லாம் வியர்வை. "போதும்ணா, கண்ணுக்கு ஆகாது" என்றேன். "டாக்டர் தினமும் கால் மணி நேரம்னு சொல்லியிருக்காரு, எனக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்றான்.

அது நேற்று முன்தினம். வட்டத்துக்கு அவன் கருத்தை எழுத வேண்டும், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கருத்து என்ன என்று கேட்டால், அவசரப்படாதே என்கிறான். இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறதாம். புத்தகத்தை என் கையில் தரவே மாட்டேன் என்கிறான்.

நீங்கள் நலமாக இருங்கள். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி